நான் டீ குடிக்கப் போகலாமா?

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறிய ஓரிரு நிமிடங்களில் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். நிறுத்தியது நாம்தான், அதை நடத்திவைக்க வேண்டியதும் நாம்தான். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போய்ச் சேர்ந்து, அதில் காற்று போய் வருவது உறுதியாகும்வரை அந்த மனிதரின் உயிர் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தக் கை பல நேரம் சேர்ந்து சில மாதமே ஆன பிஜி மாணவருடையது. பக்கத்தில் சீனியர் ஒருவர் நிற்பார்.

எத்தனை நாளைக்கு நிற்பார்? மதிப்பீடு, திறன் அளவீடு என்று கருத்தரங்குகளில் என்னென்னவோ சொல்கிறோம். மயக்கவியல் துறையில் பாடம் நடத்துகிற எனக்கு அத்தனையும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: இவரை இந்த நோயாளியோடு விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போகலாமா? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

சுண்டுவிரல் எங்கே இருக்கிறது?

சுவாசப் பாதையைக் காப்பது என்றாலே ‘டியூப் போடுவது’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவர்களும் அப்படியே. செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் டியூப் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் இருப்பதால் அதன் மேல்தான் எல்லோருக்கும் கண். டியூப் போடாவிட்டால் நோயாளி சாவதில்லை. ஆக்சிஜன் போகாவிட்டால்தான் சாவார். மாஸ்க்கையும் பையையும் வைத்துக்கொண்டு நுரையீரலுக்குக் காற்றை அனுப்பத் தெரிந்தவருக்கு டியூப் போட நேரம் இருக்கிறது. அது தெரியாதவருக்கு, டியூப் போடத் தெரிந்தாலும், நேரம் இல்லை.

அதனால் ஒரு மாணவரிடம் நான் முதலில் பார்ப்பது அவருடைய இடது கைச் சுண்டுவிரலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை ஆங்கில ‘சி’ மாதிரி வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் ‘ஈ’ மாதிரி தாடை எலும்பின் மேல் உட்கார வேண்டும். சுண்டுவிரல் காதுக்குக் கீழே தாடையின் மூலைக்குப் பின்னால் கொக்கி போட்டிருக்க வேண்டும். புதியவர்களின் விரல்கள் எலும்பிலிருந்து நழுவி, தாடைக்கு அடியிலுள்ள சதையில் பதிந்துவிடும். அப்படிப் பதிந்தால் நாக்கு பின்னால் தள்ளப்பட்டு, திறக்க வந்த வழியை நம் கையே அடைத்துவிடும். காற்று போகவில்லையே என்று பதறி மாஸ்க்கை முகத்தில் இன்னும் அழுத்துவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரானது: மாஸ்க்கை முகத்துக்கு அழுத்தாமல், முகத்தை மாஸ்க்குக்குத் தூக்க வேண்டும். தாடி வைத்தவர், பல் இல்லாத பாட்டி, பருமனான ஆள் என்று வந்துவிட்டால் ஒரு கை போதாது. ‘இரண்டு கையாலும் பிடிச்சுக்கிறேன், பையை நீங்க அழுத்துங்க சிஸ்டர்’ என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்வதும் திறமையில் சேர்ந்ததுதான்.

இதையெல்லாம் ஒரு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. இங்கேதான் மில்லரின் பிரமிடு வருகிறது.

நான்கு படிகள்

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-ல் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். அடியில் ‘தெரியும்’. அதற்கு மேல் ‘எப்படிச் செய்வதென்று தெரியும்’. அதற்கும் மேல் ‘செய்து காட்டுவார்’. உச்சியில் ‘செய்கிறார்’. குரல்நாணுக்கு முன்னால் இருக்கும் மூடியின் பெயர் என்ன என்று கேட்டால் முதல் படி. குறட்டை விடும் பருமனான நோயாளிக்கு எப்படித் தயாராவாய் என்று கேட்டால் இரண்டாவது. பொம்மையில் செய்து காட்டச் சொன்னால் மூன்றாவது. செவ்வாய்க்கிழமை காலை லிஸ்ட்டில், யாரும் தேர்வு என்று சொல்லாதபோது, உண்மையான நோயாளிக்கு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் நான்காவது.

இந்தியாவில் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாறியபோது இதே நான்கு படிகளைத்தான் கே, கே.எச்., எஸ்.எச்., பி என்று ஆங்கிலச் சுருக்கமாக ஒவ்வொரு திறனுக்கும் எதிரே அச்சடித்தார்கள். இந்தத் திறனை மாணவர் எந்தப் படிவரை ஏறியிருக்க வேண்டும் என்பதற்கான குறி அது. அந்த எழுத்தைக் கவனிக்காமலேயே பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நானும் முதல் வருடம் கவனிக்கவில்லை.

ஒரு படியைச் சோதிக்கும் தேர்வால் அடுத்த படியைச் சோதிக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளுத்து வாங்குகிற பையன் மாஸ்க் பிடிக்கத் தடுமாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பொம்மையும் மணியும்

மூன்றாவது படிக்குப் பரவலான கருவி ஆஸ்கி எனப்படும் சுழல் மேஜைத் தேர்வு. ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் ஸ்காட்லாந்தின் டண்டியில் இருந்து 1975-ல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னால் செய்முறைத் தேர்வு என்பது யாருக்கு எந்த நோயாளி விழுகிறார், தேர்வாளருக்குக் காலையில் வீட்டில் என்ன சண்டை என்பதையெல்லாம் பொறுத்தது. ஆஸ்கியில் பல மேஜைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலை, சில நிமிடங்கள். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே பொம்மை, ஒரே மதிப்பெண் தாள்.

பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர்ப்பு முதலுதவி கற்றுத்தர 1960-ல் வந்த ஆன் என்ற பொம்மையைச் செய்தவர் நார்வேயைச் சேர்ந்த ஆஸ்மண்ட் லேர்டால், அடிப்படையில் விளையாட்டு பொம்மை செய்து விற்றவர். இன்று பல கல்லூரிகளின் திறன் ஆய்வகத்தில் அவருடைய நிறுவனத்துத் தலைகள்தான் மேஜையில் வாய் திறந்து கிடக்கின்றன. முன்பல்லின் மேல் உலோகத்தை வைத்து நெம்பினால் ‘டக்’ என்று சத்தம் போட்டு எச்சரிக்கும் தலைகளும் உண்டு. மனிதப் பல் எச்சரிக்காது, கழன்று கையில் வந்துவிடும். பொம்மைக்கு எச்சில் ஊறாது, ரத்தம் வராது, வாந்தி மேலேறி வராது. அதன் நாக்கு ரப்பர், கழுத்து விறைப்பு. நிஜ மனிதரை விடச் சில விஷயங்களில் சுலபம், சில விஷயங்களில் கஷ்டம். பொம்மையில் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்குப் படிகளின் வரிசை தெரியும் என்பதற்கு மட்டுமே நான் உத்தரவாதம் தருவேன்.

95 மார்க் வாங்கிக் கொல்வது எப்படி

மதிப்பெண் தாள் என்பது ஒரு செக்லிஸ்ட். உறிஞ்சும் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தாரா, ஒன்று. குரல்வளையைப் பார்க்க வாய்க்குள் விடும் கருவியான லாரிஞ்சோஸ்கோப்பை இடது கையில் பிடித்தாரா, ஒன்று. நாக்கை இடப்பக்கம் ஒதுக்கினாரா, ஒன்று. இப்படி இருபது வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி பத்தொன்பதையும் அழகாகச் செய்கிறாள். குழாய் மட்டும் மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போய்விடுகிறது, அவள் கவனிக்கவில்லை. இருபதுக்குப் பத்தொன்பது. 95 சதவீதம், முதல் வகுப்பு. நோயாளி இறந்துவிட்டார்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. குழாய் உணவுக்குழாய்க்குள் போவது யாருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. போனதைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் கொலை. கண்டுபிடிக்க நம்பகமான வழி கப்னோகிராஃப் திரை: வெளியே வரும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அலை அலையாகத் தெரியும், ஆறேழு மூச்சுக்காவது தொடர்ந்து தெரிய வேண்டும். அலை இல்லை என்றால் குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெத் வைத்துக் கேட்டேன், இரண்டு பக்கமும் சத்தம் வந்தது என்ற சமாதானம் செல்லாது. பிரிட்டனில் சுவாசப் பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் திரட்டி 2011-ல் வெளியான ‘நாப் 4’ அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த இத்தகைய மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கப்னோகிராஃப் பயன்படுத்தாததற்குப் பங்கு இருக்கலாம் என்றது.

ஆகவே நல்ல செக்லிஸ்ட்டில் எல்லா வரியும் சமம் இல்லை. சில வரிகளுக்குச் சிவப்பு அடிக்கோடு இருக்கும்: இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

இன்னொரு குறையும் செக்லிஸ்ட்டுக்கு உண்டு. சமையல் குறிப்பை வரிக்கு வரி பார்த்துச் சமைக்கிறவருக்கும், கை அளவில் உப்பு போடுகிற அம்மாவுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. கைதேர்ந்தவர் இரண்டு படியை ஒன்றாக்கிவிடுவார், தாள் அவருக்கு மார்க்கைக் குறைக்கும். அதனால்தான் தாளின் அடியில் ‘மொத்தத்தில் எப்படி’ என்று தேர்வாளரின் ஒட்டுமொத்தக் கணிப்புக்கும் ஒரு கட்டம் வைக்கிறார்கள். அனுபவமுள்ள தேர்வாளரின் அந்த ஒற்றைக் கணிப்பு, நீளமான செக்லிஸ்ட்டுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ நம்பத்தக்கது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் தேர்வாளர்களும் மனிதர்கள். கர்ணனாக மார்க்கை அள்ளி வீசுபவர் ஒரு மேஜையில் இருப்பார், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் அடுத்த மேஜையில். போன மாதம் நல்ல கேஸ் பிரசன்டேஷன் கொடுத்த பிள்ளை என்ற நினைப்பு இன்றைய மார்க்கில் கலந்துவிடும். இதற்கு மருந்து ஒரே ஆளை நம்பாமல் இருப்பது: பல மேஜை, பல தேர்வாளர்.

சரி, தேர்ச்சி மார்க் எவ்வளவு? ஐம்பது என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நியாயமான வழி ஒன்று இருக்கிறது. தேர்வாளர் செக்லிஸ்ட்டில் மார்க் போடுவதோடு, தனியாக ‘தேறுவார்’, ‘தேற மாட்டார்’, ‘இரண்டுங்கெட்டான்’ என்று ஒன்றைக் குறிப்பார். இரண்டுங்கெட்டான்கள் செக்லிஸ்ட்டில் வாங்கிய மார்க்கின் சராசரி எதுவோ, அதுவே அந்த மேஜையின் தேர்ச்சி மார்க். சுலபமான மேஜைக்குத் தானாகவே உயரும், கடினமான மேஜைக்குத் தானாகவே இறங்கும்.

உச்சிப் படி: தியேட்டருக்குள்

நான்காவது படிக்கு நேரடிப் பார்வைதான் வழி. பிரிட்டனில் பரவிய ‘டாப்ஸ்’ என்ற முறை இப்போது நம் ஊர்க் கல்லூரிகள் சிலவற்றிலும் நடக்கிறது. ஒரு பக்கப் படிவம். மாணவர் நிஜ நோயாளிக்கு ஒரு வேலையைச் செய்கிறார், ஆசிரியர் குறுக்கிடாமல் பார்க்கிறார், முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். இதுதான் முறை. கஷ்டம் ‘குறுக்கிடாமல்’ என்ற சொல்லில் இருக்கிறது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு, 97, 96 என்று இறங்க, அந்த பீப் சத்தத்தின் சுருதியும் இறங்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய தவம். நோயாளிக்கு ஆபத்து என்றால் தவத்தைக் கலைக்க வேண்டும். ஆபத்து இல்லாமல் நமக்கு மட்டும் பொறுமை போனால் கலைக்கக் கூடாது. எல்லை எந்த இடம் என்று முன்கூட்டியே மாணவரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்: ‘94 வந்தா நான் வாங்கிக்குவேன், அதுவரைக்கும் உன் கேஸ்.’

என்ன பார்க்கிறேன்? குழாய் போடுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். நோயாளியை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி நாக்கை நீட்டச் சொன்னாரா? தொண்டையில் எவ்வளவு தெரிகிறது என்று நான்கு வகையாகப் பிரித்து எழுதுகிறோமே, மல்லம்பட்டி வகை, அது ஆந்திராவிலிருந்து போய் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. முதலில் மூன்று வகைதான் இருந்தது, நான்காவது பிறகு சேர்ந்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறாரா, கழுத்தை அண்ணாக்க முடிகிறதா, ஆடும் பல் இருக்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது சிக்கல் வந்ததா என்றும் கேட்கிறாரா? தலையணை உயரம் பார்த்தாரா? மருந்து ஏற்றுவதற்கு முன் மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்தாரா, கசிவில்லாமல் மாஸ்க் பிடித்தாரா?

அப்புறம்தான் லாரிஞ்சோஸ்கோப். வளைந்த தகட்டின் நுனி, குரல்வளை மூடிக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். கைப்பிடி போகும் திசையிலேயே முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் பல்லை நெம்புகிறார் என்று பொருள். அதனால் மாணவரின் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்ப்பேன். இப்போது வீடியோ லாரிஞ்சோஸ்கோப் வந்த பிறகு மாணவர் பார்ப்பதையே நானும் திரையில் பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் ‘கார்டு (குரல்நாண்) தெரியுது சார்’ என்ற வார்த்தையை நம்புவதைத் தவிர வழியில்லை. தெரியாமலே தெரிகிறது என்று சொன்னவன்தான் நானும்.

பின்னாலுள்ள ஐந்து நிமிடப் பேச்சை ‘நல்லா பண்ணேம்மா, இன்னும் ப்ராக்டிஸ் பண்ணு’ என்று முடித்தால் படிவம் வீண். ‘தகட்டை வாயின் நடுவில் நுழைத்தாய், நாக்கு இரண்டு பக்கமும் வழிந்து பார்வையை மறைத்தது, அடுத்த கேஸில் வலது ஓரமாக நுழை’ என்றால் அவருக்கு நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

எத்தனை கேஸ் போட்டால் போதும்?

எல்லா மாணவரும் கேட்கும் கேள்வி. 1998-ல் வெளியான கொன்ராட் குழுவினரின் ஆய்வில், முதலாண்டு மயக்கவியல் பயிற்சியாளர்கள் 90 சதவீத வெற்றியைத் தொட சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. உடனே ‘57 போட்டாச்சு சார்’ என்று வந்து நிற்கக் கூடாது. அது சராசரி. ஒருவருக்கு முப்பதிலேயே கை படியும், இன்னொருவருக்கு நூறு ஆகும். எண்ணிக்கை மட்டும் என்ன மாயம் செய்யும் என்று எனக்கு அனுபவமே இருக்கிறது. நான் பிஜி முடித்த இடத்தில் மூன்று வருட லாக்புக்குக்கு ஒரே மதியத்தில் கையெழுத்து வாங்கினோம். நான் டியூப் போட்டதைக் கடைசி வருடத்தில் எந்தத் தேர்வாளரும் கண்ணால் பார்க்கவில்லை.

எண்ணிக்கையைவிட நல்ல வழி, தொழிற்சாலையில் இருந்து வந்தது. பொருள் தரம் கெடுகிறதா என்று கண்காணிக்க ஈ.எஸ். பேஜ் என்பவர் 1954-ல் எழுதிய கூட்டுத்தொகை வரைபடம். எங்கள் வட்டாரத்தில் ‘கியூசம்’. கணக்கு ரொம்ப எளிது. பத்துக்கு ஒரு தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறோம். ஒவ்வொரு வெற்றிக்கும் 0.1 கழிக்கிறோம், ஒவ்வொரு தோல்விக்கும் 0.9 கூட்டுகிறோம். ஒரு தோல்வியை ஈடுகட்ட ஒன்பது வெற்றி வேண்டும். இரண்டு முயற்சிக்கு மேல் போனாலோ சீனியர் வாங்கிக்கொண்டாலோ தோல்வி என்று முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும்.

ஒரு மாணவரின் முதல் 20 கேஸில் 6 தோல்வி என்று வையுங்கள். 5.4 கூட்டி 1.4 கழித்தால் கோடு 4-க்கு ஏறியிருக்கும். அடுத்த 30 கேஸில் 2 தோல்வி மட்டும்: 1.8 கூட்டி 2.8 கழிக்க, கோடு 3-க்கு இறங்கும். கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில் கவலை வேண்டாம். ஏறுகிறதா, சமமாக ஓடுகிறதா, இறங்குகிறதா என்பதே சேதி. இறங்க ஆரம்பித்துவிட்டால் அவருடைய தோல்வி விகிதம் நாம் ஏற்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும். கஷ்டம், தோல்வியை மாணவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பது. எழுதினால் திட்டு விழும் துறையில் எல்லோருடைய கோடும் அழகாக இறங்கும்.

சில திறன்களுக்கு இந்தக் கணக்கே உதவாது. மாஸ்க்கிலும் காற்று போகவில்லை, குழாயும் போகவில்லை, தொண்டையில் வைக்கும் மற்ற சாதனமும் பலிக்கவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம் கத்தியால் கீறி நேராக மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க வேண்டும். பல மயக்கவியல் மருத்துவர்கள் ஆயுள் முழுக்க ஒரு தடவைகூடச் செய்யாமல் ஓய்வு பெறுவார்கள். செய்ய நேர்ந்தாலோ நிமிடக் கணக்கில் நேரம். நான்காவது படியில் இதைச் சோதிக்க வழியே இல்லை. பயிலரங்குகளில், கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்த ஆட்டு மூச்சுக்குழாயைப் பலகையில் வைத்துத்தான் கற்றுத் தருகிறோம். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், பொம்மையில் ஐந்தாவது முயற்சிக்குள் 96 சதவீதம் பேர் 40 வினாடிக்குள் முடித்தார்கள். ஆனால் கை மறக்கும். அதனால் இதில் ‘தேறினார்’ என்பதற்குப் பக்கத்தில் தேதியும் எழுத வேண்டும், அந்தத் தேதி பழையதாகிவிட்டால் மறுபடி ஆட்டுக் கழுத்து.

கைக்கு அப்பால்

2005-ல் இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவைக்காக அனுமதிக்கப்பட்டார். மயக்கம் கொடுத்த பிறகு காற்றும் போகவில்லை, குழாயும் போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் கூடி நின்று குழாய் போடுவதிலேயே திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் பெட்டியை ஒரு செவிலியர் கொண்டுவந்து தயார் என்று சொல்லியும் அது எடுபடவில்லை. மூளை பாதிக்கப்பட்டு 13 நாள் கழித்து எலைன் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. விமானத் துறையில் இப்படி நடந்தால் தனி விசாரணை நடக்குமே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டு அவர் தொடங்கிய இயக்கம்தான் அங்கே மருத்துவத்தில் மனிதக் காரணிகள் பற்றிய பேச்சைப் பரவலாக்கியது.

அங்கே இருந்தவர்களின் கைத்திறனை எந்த ஆஸ்கியிலும் தோற்கடித்திருக்க முடியாது. தவறியது நேர உணர்வும், அடுத்த வழிக்கு மாறும் முடிவும், சுற்றியிருப்பவர் குரலைக் கேட்பதும். இவற்றையும் மதிப்பிட அபர்டீனில் ஒரு அளவுகோல் செய்திருக்கிறார்கள். வேலையைத் திட்டமிடல், குழுவாக இயங்கல், நிலவரம் உணர்தல், முடிவெடுத்தல் என்று நான்கு தலைப்பு. என் கையில் படிவம் இல்லாதபோது ஒரே கேள்வியால் பாதியைப் பிடித்துவிடுவேன். மருந்து ஏற்றும் முன் மாணவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்: முதலில் இது, பலிக்காவிட்டால் அது, அதுவும் பலிக்காவிட்டால் இவரைக் கூப்பிடுவேன். மூன்று தடவைக்கு மேல் குழாய் முயலாதே என்கின்றன வழிகாட்டு நெறிகள். மூன்றை எண்ணுவது யார் என்பதையும் அவர் முன்கூட்டிச் சொல்லட்டும்.

இனி டீக்கு வருவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓலே டென் கேட் 2005-ல் முன்வைத்த யோசனை, மார்க்கை விட்டுவிட்டு நம்பிக்கையின் அளவைக் கேட்பது. ஐந்து நிலை. ஒன்று, பார்க்க மட்டும். இரண்டு, நான் பக்கத்தில் நிற்கச் செய்யலாம். மூன்று, நான் கூப்பிடு தூரத்தில் இருந்தால் செய்யலாம். நான்கு, தனியாகச் செய்யலாம். ஐந்து, அடுத்தவருக்குக் கற்றுத் தரலாம். ஆஸ்கி, டாப்ஸ் படிவங்கள், கியூசம் கோடு, செவிலியர்கள் சொல்வது எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்து ஆசிரியர்கள் கூடிப் பேசி, இந்த மாணவர், இந்த வகை நோயாளிக்கு, இந்த நிலை என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் துறையில் மூன்றாவது நிலையில் இருந்த ஒரு மாணவியை ஒரு நாள் ஹெர்னியா கேஸோடு விட்டுவிட்டு உண்மையிலேயே டீ குடிக்கப் போனேன். டம்ளரை எடுக்கும்போது போன் வந்தது. “சார், ஒரு தடவை பார்த்துட்டேன், கார்டு தெரியல. மாஸ்க்ல நல்லா போகுது, சாச்சுரேஷன் 99. வீடியோ ஸ்கோப்பும் பூஜியும் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி) எடுத்து வெச்சாச்சு. அவசரம் இல்ல, ஆனா வந்துடுங்க சார்.” போய்க் குழாயை நான்தான் போட்டேன். அவளுடைய கியூசம் தாளில் அன்று 0.9 கூடியது, அவளே எழுதினாள். அடுத்த மாதக் கூட்டத்தில் அவளை நான்காவது நிலைக்கு உயர்த்தலாம் என்று முன்மொழிந்தவன் நான், அந்த போன் பேச்சைத்தான் அங்கே படித்துக் காட்டினேன்.